பாட்டிலில் ஏறும் நீரும் குடிக்கும் தண்ணீரும்

சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகப் போக அக்கா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தாள். "நீ இவ்வளவு தண்ணி குடிச்சா அது எங்க போகும், எல்லாம் இந்தப் பாட்டிலுக்குத்தான் வரும்" என்று ஒருவர் சொன்னார். அடுத்து வந்தவர் இளநீர் ஆகாது என்றார். அதற்கும் அடுத்து வந்தவர் சுரைக்காய், பூசணி, வெள்ளரி எல்லாமே நீர்க்காய், கண்ணில் காட்டாதே என்று சொல்லிவிட்டுப் போனார். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, காயத்தில் கசியும் நீரை வெளியே எடுக்கிற டிரெயின் டியூபும் பாட்டிலும் உடம்போடு தொங்க, மருந்து மாத்திரையில் மலச்சிக்கல் வேறு வந்து, இந்த வெயிலில் உதடு காய்ந்து உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணிடம் இதைச் சொல்கிறார்கள். சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லோரும் அவள்மேல் பாசம் உள்ளவர்கள்தான். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது, அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். டிரெயின் பாட்டிலில் சேரும் நீர் குடிக்கிற தண்ணீரால் வருவதில்லை. தண்ணீரைக் குறைத்தால் அது குறையாது. நோயாளி ஏதோ தப்பாகச் சாப்பிட்டதாலோ, தப்பாகப் படுத்ததாலோ வருகிற தண்டனையும் இல்லை அது.

அது எங்கிருந்து வருகிறது என்பதை அறுவை நடந்த அன்றே ஒரு மிஸ்ஸி (தாதியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) எனக்குப் பொறுமையாக விளக்கினார். மார்பகத்தை எடுத்த பிறகு மேல்தோலுக்கும் நெஞ்சுத் தசைக்கும் நடுவே ஒரு வெற்றிடம் இருக்கும். வெட்டுப்பட்ட சின்னச் சின்ன ரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் அந்த இடத்தில் கசிந்துகொண்டே இருக்கும். கசிவை உள்ளேயே விட்டால் தோல் தசையோடு ஒட்டாது. சுவரில் போஸ்டர் ஒட்டும்போது அடியில் காற்று நின்றுவிட்டால் அந்த இடம் ஒட்டாமல் உப்பி நிற்குமே, அதுபோல. டிரெயின் அந்த நீரை உறிஞ்சி எடுத்து, தோலைத் தசையோடு இழுத்துப் பிடித்து வைக்கிறது. இரண்டும் ஒட்ட ஒட்டக் கசிவு தானாகக் குறையும். அக்குளில் நிணநீர்க் கணுக்களை, அதாவது நிணநீர்க் குழாய்களின் வழியில் இருக்கிற சின்ன முடிச்சுகளை, மொத்தமாக எடுத்திருந்தால் வெட்டுப்பட்ட குழாய்கள் அதிகம், அதனால் நீரும் அதிகம், நாளும் அதிகம். ஓரிரண்டு கணுக்களை மட்டும் எடுத்துப் பார்த்தவர்களுக்குச் சீக்கிரம் முடிந்துவிடலாம். கட்டியை மட்டும் எடுக்கிற சின்ன அறுவையில் பல பேருக்கு டிரெயினே இருக்காது. அக்காவுக்கு ஒரு பக்கம் முழு மார்பகமும் அக்குள் கணுக்களும் எடுக்கப்பட்டன. ஆகவே இரண்டு டியூப், இரண்டு பாட்டில்.

சிங்கப்பூரில் இதற்காக ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் படுக்க வைப்பதில்லை. உடம்பு சரியாக இருந்தால் ஓரிரு நாளில், சிலரை அன்றைக்கே கூட, டியூபோடும் பாட்டிலோடும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதில் தப்பில்லை, வீட்டில்தான் நன்றாகத் தூங்க முடியும். ஆனால் வார்டில் மூன்று ஷிஃப்டு தாதியர் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த வேலை அன்று சாயங்காலத்திலிருந்து வீவக அடுக்குமாடி வீட்டின் படுக்கையறைக்கு வந்துவிடுகிறது. யார் செய்வது என்பதை முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளாத வீடுகளில் அது நோயாளியின் தலையிலேயே விழும். அதனால் வார்டிலிருந்து கிளம்புவதற்கு முன், வீட்டில் இருக்கப்போகிற இரண்டு பேராவது மிஸ்ஸி முன்னால் ஒரு முறை செய்து காட்டிவிட்டு வாருங்கள். எங்கள் வீட்டில் நானும் அத்தானும் கற்றுக்கொண்டோம். அத்தானுக்குக் கை நடுங்கியது, ஆனாலும் விடாமல் செய்தார்.

இனி அளவு விஷயம். பயம் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

டிரெயினில் பொதுவாக இரண்டு வகை பார்க்கலாம். ஒன்று கையில் அடங்குகிற மென்மையான உருண்டை. மூடியைத் திறந்து நீரை அளவுக் குவளையில் ஊற்றிவிட்டு, உருண்டையை நன்றாக அமுக்கிப் பிடித்தபடியே மூடியைப் போட வேண்டும், அப்போதுதான் உறிஞ்சும். இன்னொன்று அக்காவுக்கு வைத்தது போன்ற கெட்டியான வெற்றிடப் பாட்டில். இதை வீட்டில் திறப்பதே இல்லை. நிறைந்தாலோ உறிஞ்சும் விசை போய்விட்டாலோ தாதி புதுப் பாட்டில் மாற்றுவார். நாம் செய்ய வேண்டியது, தினமும் ஒரே நேரத்தில் பாட்டிலை மேசைமேல் நேராக வைத்து, கண்ணுக்கு நேராகப் பார்த்து, நீர் நிற்கிற இடத்தில் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதுவது.

அந்தப் பாட்டிலில் நீர் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஏறத்தான் செய்யும், நாம் கொட்டுவதில்லையே! அக்காவின் மாமியார் ஒவ்வொரு நாளும் வந்து பாட்டிலைப் பார்த்து, "நேத்தைவிட இன்னைக்கு ஜாஸ்தியா இருக்கே" என்று முகம் வாடிப் போவார். அவர் முகத்தைப் பார்த்து அக்கா முகமும் வாடும். பார்க்க வேண்டியது மொத்த அளவை இல்லை, இன்றைய கோட்டுக்கும் நேற்றைய கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. அதுதான் 24 மணி நேரத்தில் வந்த அளவு. முதல் சில நாள் அது 100 மில்லியைத் தாண்டலாம், பிறகு மெல்ல இறங்கும். சில நாள் இறங்காமல் அப்படியே நிற்கும், ஒரு நாள் கொஞ்சம் ஏறக்கூடச் செய்யும். நான் ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதி, முதல் பாட்டில், இரண்டாம் பாட்டில், நிறம் என்று நான்கு கட்டம் போட்டு, வித்தியாசத்தை மட்டும் பெரிதாக எழுதிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தேன். மாமியார் அதற்குப் பிறகு பாட்டிலைப் பார்ப்பதை விட்டுவிட்டு நோட்டைப் பார்க்க ஆரம்பித்தார். இரண்டு பாட்டிலையும் சேர்த்து எழுதாதீர்கள், தனித்தனியாகத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் எடுப்பதும் தனித்தனியாகத்தான். நெஞ்சுப் பக்கத்து டியூப் பெரும்பாலும் முதலில் வெளியே வரும், அக்குள் பக்கத்து டியூப் அப்புறம்.

நிறத்தையும் எழுதுங்கள். முதலில் கருஞ்சிவப்பாக இருப்பது நாள் போகப்போக ரோஸ் நிறமாகி, கடைசியில் வைக்கோல் மாதிரி வெளிர்மஞ்சளாகும். நடுவே நூல் மாதிரியோ சின்னக் கட்டியாகவோ ஏதாவது மிதந்தால் பதறாதீர்கள், உறைந்த ரத்தமும் புரதமும் அப்படித்தான் வரும். டியூபில் அது அடைத்துக்கொள்ளாமல் இருக்க, தோலுக்குப் பக்கத்தில் ஒரு கையால் டியூபை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்ற கை விரல்களால் பாட்டில் பக்கமாக உருவிவிடச் சொல்லித்தருவார்கள். எல்லா இடத்திலும் இதைச் செய்யச் சொல்வதில்லை. உங்களுக்குச் சொல்லித்தந்திருந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் தொட வேண்டாம். எதைத் தொடுவதற்கு முன்னும் தொட்ட பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

ஒரு நாளைக்கு 20 முதல் 30 மில்லிக்குள், அதுவும் தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் டியூபை எடுக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படுகிற கணக்கு. ஒவ்வொரு டாக்டரும் வைத்திருக்கிற எல்லை கொஞ்சம் மாறும், குறிப்பிட்ட நாளாகிவிட்டால் அளவு எப்படியிருந்தாலும் எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. சீக்கிரம் எடுத்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும், ரொம்ப நாள் விட்டால் அந்தத் துளை வழியாகக் கிருமி உள்ளே போக வாய்ப்பு அதிகம். இந்த இரண்டுக்கும் நடுவேதான் அவர்கள் நாள் பார்க்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்று இரண்டு வாரத்தில் முடியும், சிலருக்கு மூன்று வாரம்கூட ஆகும். "இன்னாருக்கு ஒரே வாரத்துல எடுத்துட்டாங்களே, உனக்கு ஏன் இன்னும்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள். இந்தக் கேள்வியால் அக்கா எத்தனை இரவு தூங்காமல் இருந்தாள் என்று எனக்குத் தெரியும். அவரவர் உடம்பு, எடுத்த கணுக்கள், காயத்தின் பரப்பு எல்லாம் வேறு வேறு.

அளவு குறைவதெல்லாம் நல்லது என்றும் நினைத்துவிடக் கூடாது. ஒருநாள் பெரியம்மா வீட்டிலிருந்து கூட்டமாக வந்திருந்தார்கள். அக்கா பாட்டில் இரண்டையும் தலையணைக்குப் பின்னால் தள்ளி, மேலே துண்டைப் போட்டு மூடிவிட்டாள். அவர்கள் போனபின் சாயங்காலம் கோடு போடப் போனால் ஒரு பாட்டிலில் கிட்டத்தட்ட ஒன்றுமே சேரவில்லை. அவள் முகத்தில் சந்தோஷம், "பாரு, குறைஞ்சிடுச்சு" என்கிறாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. டியூபைக் கையோடு தடவிக்கொண்டே போனேன், தலையணைக்கடியில் அது மடங்கி நசுங்கிக் கிடந்தது. நிமிர்த்திவிட்டதும் நீர் இறங்கத் தொடங்கியது. நல்லவேளை, உள்ளே வீக்கம் எதுவும் வரவில்லை. திடீரென்று நின்றுபோனால் மடிந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா, உறிஞ்சும் விசை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அக்காவின் பாட்டில் மூடியில் பச்சை நிறத்தில் மடிப்பு மடிப்பாக ஒன்று இருந்தது. அது சுருங்கி அமுங்கியிருந்தால் விசை இருக்கிறது, விரிந்து நின்றுவிட்டால் போய்விட்டது என்று சொல்லித் தந்திருந்தார்கள். உருண்டை வகையில் உருண்டை உப்பி நிற்பதே அடையாளம்.

அன்று ராத்திரி நான் அக்காவிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசினேன். யாரிடமிருந்து எதை மறைக்கிறோம்? இந்த ஊரில் பெண்களுக்கு அதிகமாக வருகிற புற்றுநோயே மார்பகப் புற்றுநோய்தான், 13 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் வரும் என்கிற கணக்கைப் பரிசோதனை விளம்பரங்களிலெல்லாம் பார்க்கிறோம். நம் புளோக்கிலேயே எத்தனை பேர் இந்தப் பாட்டிலை நைட்டிக்குள் ஒளித்துக்கொண்டு லிஃப்டில் ஏறி இறங்கியிருப்பார்களோ! அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மத்தவங்களுக்காக இல்லடி, தம்பி பார்த்துடக் கூடாதுன்னுதான்" என்றாள்.

தம்பி என்று அவள் சொன்னது அவள் மகனை, உயர்நிலை இரண்டில் படிக்கிறான். அம்மா அறைக்கதவு சாத்தியே இருப்பதையும், யாரும் எதையும் சொல்லாததையும் வைத்து, அம்மா பிழைக்கமாட்டாள் என்றே அவன் முடிவு செய்து வைத்திருந்தான். இதை அவன் என்னிடம் சொன்னபோது எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பிறகு அக்காவைக் கேட்டுக்கொண்டு அவனை உள்ளே கூப்பிட்டேன். டியூப் தோலுக்குள் போகிற இடத்தைக் காட்டவில்லை, அது அவளுக்கு விருப்பமில்லை. பாட்டிலையும் நோட்டையும் மட்டும் காட்டி, இந்தக் கணக்கு இறங்கிக்கொண்டே வருகிறது, இங்கே வந்ததும் எடுத்துவிடுவார்கள் என்றேன். அவன் நோட்டை ரொம்ப நேரம் புரட்டிப் பார்த்தான். "சித்தி, கிராஃப் போடட்டுமா?" என்றான். போட்டான், இரண்டு நிறத்தில். டாக்டரைப் பார்க்கப் போனபோது அந்தத் தாளையும் எடுத்துப் போனோம். அக்கா அதற்குப் பிறகு பாட்டிலை மூடி வைக்கவே இல்லை. பிள்ளைகளிடம் எவ்வளவு சொல்வது என்பது அந்தந்தத் தாய் தகப்பனின் முடிவு, அதில் நான் தலையிடமாட்டேன். ஆனால் எதுவுமே சொல்லாமல் விட்டால் அவர்களே ஏதோ ஒன்றை நினைத்துக்கொள்கிறார்கள், அது எப்போதும் உண்மையைவிட மோசமாகத்தான் இருக்கிறது.

உடுத்துவது, படுப்பது பற்றி. முன்பக்கம் முழுதாகத் திறக்கிற ஜிப் நைட்டி நாலைந்து வாங்கி வைத்துவிடுங்கள், சிராங்கூன் ரோட்டில் கிடைக்காத நிறமில்லை. தலைவழியாகப் போடுகிற எதற்கும் கை தூக்க வேண்டும், அது முடியாது. வெளியே போகும்போது அத்தானுடைய பழைய பட்டன் சட்டை. பாட்டில்களுக்குப் பழைய காட்டன் சேலையைக் கிழித்து நீளப் பட்டையோடு இரண்டு பை தைத்தோம். பையை அறுவை செய்யாத பக்கத் தோளில் குறுக்காக மாட்டினால் காயத்தில் உரசாது. பை எப்போதும் காயத்தைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். ஊக்குக் குத்துகிறபோது துணியில் குத்துங்கள், டியூபில் பட்டுவிட்டால் அவ்வளவுதான், காற்று புகுந்துவிடும். மல்லாந்து படுத்து, அந்தப் பக்கக் கைக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை வைத்தால் தோள் இழுக்காது. ராத்திரி பாத்ரூம் போக எழும்போதுதான் ஆபத்து, தூக்கக் கலக்கத்தில் பாட்டிலை மறந்து எழுந்தால் தையல் சுண்டி இழுக்கும். படுக்கும்போதே பையை நைட்டியோடு சேர்த்து ஊக்குப் போட்டுவிட்டால் எழுகிறபோது அதுவும் கூடவே வரும். டாக்சியில் சீட் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு சின்னத் தலையணை வைத்துக்கொள்ளலாம்.

குளியல்தான் இந்த ஊர் புழுக்கத்தில் பெரிய பாடு. இடுப்புக்குக் கீழே தாராளமாகக் குளிக்கலாம், மேலே ஈரத்துண்டால் துடைத்துவிட வேண்டும், கட்டு நனையக் கூடாது. தலைக்கு நான் சிங்க்கில் குனிய வைத்து அலசிவிட்டேன். விபூதி, மஞ்சள், நல்லெண்ணெய், வீட்டு மருந்து எதுவும் அந்தத் துளைக்குப் பக்கத்தில்கூடப் போகக் கூடாது. மாமியாருக்கு இது வருத்தம்தான், நெற்றிக்கு மட்டும் வைத்துவிடச் சொன்னேன்.

சாப்பாட்டில் மிஸ்ஸி சொன்ன விஷயம் என் மனதில் நின்றுவிட்டது. காயம் ஆறப் புரதம் வேண்டும், பாட்டிலில் சேர்கிற அந்த நீரோடும் புரதம் போய்க்கொண்டிருக்கிறது. நம்மாட்களோ பருப்பு சேர்த்தால் சீழ் பிடிக்கும், முட்டை ஆகாது, மீன் ஆகாது என்று புரதம் உள்ள எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் ரசம் சோற்றில் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி விரால் மீன் சூப் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். காயத்துக்கு அது நல்லது என்று இந்த ஊரில் சீனர்களும் மலாய்க்காரர்களும் நம்பிக் கொடுப்பார்கள். அதில் மருந்து இருக்கிறதோ இல்லையோ, மீன் இருந்தது, அக்கா ஆசையாகக் குடித்தாள். எங்கள் வீட்டில் பருப்பும் முட்டையும் திரும்ப வந்தன. தண்ணீரும்.

கை அசைவு பற்றி இரண்டு பக்கமும் தப்பாகச் சொல்கிறார்கள். கையை ஆட்டவே கூடாது என்று பயந்து மடக்கியே வைத்திருந்தால் தோள் இறுகிப்போகும், பிறகு கதிர்வீச்சு சிகிச்சைக்குக் கையைத் தலைக்குமேல் வைத்துப் படுக்க முடியாமல் திணற வேண்டிவரும். முதல் வாரத்திலேயே தீவிரமாகத் தூக்கி ஆட்டினால் கசிவு கூடும். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி முழங்கையை மடக்கி நீட்டுவது, தோளைச் சுழற்றுவது, தலை வாரிக்கொள்வது எல்லாம் செய்யலாம், சரி என்று அவர்கள் சொல்லும்வரை தோள் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம். குக்கர், மார்க்கெட் பை, துணி உலர்த்தும் கழி இவற்றையெல்லாம் மற்றவர்கள் தூக்கட்டும்.

காத்திருக்காமல் உடனே கூப்பிட வேண்டியவை உண்டு. வெளிறிக்கொண்டு வந்த நீர் திடீரென்று புது ரத்தமாகச் சிவந்து மாறி வேகமாகப் பாட்டிலை நிரப்பினால், காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால், துளையைச் சுற்றிச் சிவந்து சூடாகிப் பரவினால், நீர் கலங்கி நாற்றமடித்தால், நெஞ்சோ அக்குளோ உப்பிக்கொண்டு பாட்டிலில் ஒன்றும் வராமல் இருந்தால், உடனே போன் செய்யுங்கள். டியூப் கழன்று வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே தள்ளாதீர்கள், சுத்தமான காஸ் துணி வைத்து மூடிவிட்டுக் கூப்பிடுங்கள். மார்பகப் பிரிவுத் தாதியின் நம்பரையும், அவர் வேலை நேரம் முடிந்தபின் யாரைக் கூப்பிடுவது என்பதையும் வீட்டுக்கு வருவதற்கு முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ராத்திரியில் ரத்தம் வந்தால் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள், காலைவரை பார்ப்போம் என்று உட்காராதீர்கள்.

எடுக்கிற நாளைப் பற்றித்தான் அக்காவுக்கு அதிக பயம். அது சீக்கிரம் முடிந்துவிட்டது. தையலை வெட்டி, மூச்சை நன்றாக இழுத்து விடச் சொல்லி, விடும்போது உருவிவிட்டார்கள். உள்ளே இருந்த டியூப் நாங்கள் நினைத்ததைவிட நீளம். ஒரு சுரீர் என்ற இழுப்பு, கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதான் என்றாள். துளையில் ஓரிரு நாள் கசியும், அதற்கு ஒரு சின்னக் கட்டு.

அதற்குப் பிறகும் ஒன்று வரலாம், இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அக்கா அப்படி அழுதிருக்கமாட்டாள். டியூப் எடுத்துச் சில நாளில் அக்குளுக்குக் கீழே மெத்தென்று ஒரு வீக்கம், நடந்தால் உள்ளே நீர் ததும்புகிற மாதிரி ஓர் உணர்வு. நோய் அதற்குள் திரும்பி வந்துவிட்டது என்றே அவள் நினைத்துவிட்டாள். அது செரோமா, டியூப் போனபின் மிச்சக் கசிவு தேங்கி நிற்பது, நிறைய பேருக்கு வரும். சின்னதாக இருந்தால் உடம்பே மெல்ல உறிஞ்சிக்கொள்ளும், பெரிதாகி இறுக்கினால் கிளினிக்கில் ஊசியால் எடுத்துவிடுவார்கள், மறுபடி சேர்ந்தால் மறுபடி எடுப்பார்கள். அறுவைக்குப் பின் அந்த இடம் பெரும்பாலும் மரத்துப்போயிருப்பதால் ஊசி போட்டதுகூட அக்காவுக்குத் தெரியவில்லை. டிரெயின் எடுத்தாயிற்று என்று அந்தத் தாதியின் நம்பரைப் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள், வீக்கம் வந்தாலும் அதே மிஸ்ஸியைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.